பதினேழாம் நம்பர் பாட்டில்

காலை பத்தே கால் மணிக்குக் கலைவேந்தன் சுருண்டு விழுந்தான்.

கரையாம்புத்தூர் எல்லையில் பாதி வெட்டிய கரும்புக்கொல்லை. ஓரத்தில் பச்சைத் துணிப் பந்தல். இடைவேளைக்கு ஒதுங்கிய ஆட்கள் முதலில் வெயில் அடித்துவிட்டது என்றுதான் நினைத்தார்கள். மாசி முடிவதற்குள்ளேயே அக்னி நட்சத்திரத்து வெயில் வந்துவிட்ட வருஷம். வெட்டு ஆள் மயங்கி விழுவது அந்தப் பக்கத்தில் செய்தியே இல்லை. அவன் கையிலிருந்து நழுவிய நீலப் பாட்டிலைக் காசம்மாள் எடுத்து நிமிர்த்தினாள். மோந்து பார்த்தாள். உடனே தூரப் பிடித்துக்கொண்டாள்.

"அய்யோ, மருந்து வாடை அடிக்குது! பூச்சி மருந்துடி!"

ஆம்புலன்ஸ் அவனைப் பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு போனது. பாட்டில் பந்தலிலேயே நின்றது. அதன் மேல் வெள்ளைப் பெயின்டில் 17 என்று எழுதியிருந்தது. கலைவேந்தனின் நம்பர் பதினாறு. பதினேழு அவன் மனைவி இளவரசியுடையது.

பதினொரு மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் செல்வகுமாரி வந்து இறங்கினாள்.

அன்றைக்கு அவளுக்கு மனசு சரியில்லை. கூடவே பயிற்சி எடுத்த தோழி இன்ஸ்பெக்டர் ஆகிவிட்ட செய்தி காலையில்தான் வந்திருந்தது. போன் போட்டு 'ரொம்ப சந்தோஷம்டி' என்று சொல்லியாயிற்று. சொன்னதில் சந்தோஷம் கால்வாசிகூட இல்லை என்பது அவளுக்கே தெரியும். பொறாமையை நெஞ்சில் தேடிப் பிரயோஜனமில்லை; அது வயிற்றில்தான் எரியும்.

ஏட்டு நவீன்குமார் சிவப்புத் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தான்.

"ஈஸி கேஸ் மேடம். பொம்பளைங்க சண்டை. ஆளைக்கூடப் பார்த்து உட்கார வெச்சுட்டேன்."

"நீங்க பார்த்து வெச்ச ஆளெல்லாம் விடுதலையாகி நம்ம ஸ்டேஷன் வாசல்லயே டீ குடிக்கிறாங்க ஏட்டு. முதல்ல பாட்டிலைக் காட்டுங்க."

பாட்டில் முக்கால்வாசிக்கு மேல் நிறைந்திருந்தது. மூடி திறந்து கிடந்தது. வாய்ப்பக்கத்து மரைகளுக்குள் செங்கல் நிறத்தில் ஏதோ கறை, பல நாளாகப் படிந்து காய்ந்து கெட்டியாகியிருந்தது.

"மருந்தாத்தான் இருக்கும் மேடம்," என்றான் ஏட்டு.

"அவன் குடிச்சு ஒரு மணி நேரம்கூட ஆகல. அதுக்குள்ள இப்படிக் காயுமா?" என்றாள் அவள். பாட்டிலைக் கவரில் போடச் சொன்னாள்.

பந்தலுக்குள் டாக்டர் ஜெயசுதா நின்றுகொண்டிருந்தாள். சென்னையிலிருந்து வந்திருந்த ஆராய்ச்சிக் குழுவின் தலைவி. முகத்தில் தூக்கமில்லாத களைப்பு.

"என்ன ஆராய்ச்சி டாக்டர்? எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க."

"சர்க்கரை வியாதி இருக்காது, பிரஷர் இருக்காது. ஆனா கரும்பு வெட்டுறவங்களுக்குக் கிட்னி கெட்டுப்போகுது. பல நாட்டுல பார்த்துட்டாங்க. வெயில்ல வேலை செஞ்சு, உடம்புல தண்ணி வத்தி, அதே மாதிரி தினமும் நடந்தா கிட்னி தாங்கறதில்ல. வெயில் வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போகுது. நிழல், ஓய்வு, தண்ணி மூணும் கொடுத்தா எவ்வளவு காப்பாத்தலாம்னு பார்க்கிறோம்."

"எல்லாருக்கும் கொடுக்கிறீங்களா?"

டாக்டர் கொஞ்சம் தயங்கினாள். "இல்ல. ரெண்டு செட்டு ஆட்கள். ஒரு செட்டுக்குக் கொடுத்து, இன்னொரு செட்டுக்குக் கொடுக்காம இருந்தாத்தான் வித்தியாசம் தெரியும். சீட்டுக் குலுக்கிப் போட்டோம். அடுத்த வெட்டுக்கு அவங்களுக்கும் உண்டு."

வரப்புக்கு அந்தப் பக்கம் இன்னொரு கொல்லையில் மற்ற செட்டு வெட்டிக்கொண்டிருந்தது. பந்தல் இல்லை, பாட்டில் இல்லை. ஒரே ஊர், ஒரே தெரு ஜனம். ஒரு வீட்டில் அக்காளுக்கு நிழல் விழுந்திருந்தது, தங்கைக்கு விழவில்லை. சீட்டு குலுக்கினவர்கள் கிட்னியைப் பற்றி யோசித்த அளவுக்கு வயிற்றெரிச்சலைப் பற்றி யோசிக்கவில்லை.

"பலன் தெரியுதா?"

"ஆம்பளைங்களுக்கு நல்லாவே தெரியுது. அதுலயும் கலைவேந்தன்தான் முதல் ஆள். ஆனா பொம்பளைங்க ரிசல்ட் மட்டும் அசையவே மாட்டேங்குது. சாயங்காலம் பாட்டில் எல்லாம் காலியாத்தான் திரும்பி வருது. ஆனா யூரின் டிகாஷன் மாதிரி இருக்கு. மூணு மாசமா மண்டையை உடைச்சுக்கிறேன். இப்ப அதுக்கும் வழியில்ல. சென்னையிலேருந்து போன் வந்துடுச்சு. எங்க தண்ணியாலதான் இது நடந்ததுன்னா, நாளைக்கே பந்தலைப் பிரிச்சுட்டு வந்துடணுமாம். இளவரசி டெல்லிக்குப் போறதும் நின்னுடும்."

"டெல்லிக்கா?"

"பெரிய மாநாடு. கரும்பு வெட்டுறவங்க சார்பா அவங்களே பேசப் போறாங்க. பேப்பர்லகூடப் படம் வந்துச்சே."

செல்வகுமாரி அந்தப் படத்தைப் பார்த்திருந்தாள். வெட்டுக்கத்தியோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். ஊரில் எத்தனை பேருக்கு அன்று சோறு இறங்கியிருக்காது என்று இப்போது நினைத்துப் பார்த்தாள்.

முதலில் ராஜ்மோகனைக் கூப்பிட்டாள். குழுவின் களப்பணியாளன். தண்ணீர் கலப்பதும், பாட்டில் நிரப்புவதும், சாயங்காலம் காலி பாட்டிலைச் சரிபார்ப்பதும் அவன் வேலை.

"பாட்டில் எப்ப நிரப்பினீங்க?"

"விடிஞ்சதும் மேடம். எல்லாரும் பார்க்கத்தான். எட்டு மணிக்குக் கிளம்பி பாகூர் போயிட்டேன்."

"டெல்லிக்கு நீங்க போறதா இருந்ததாமே?"

அவன் காது சிவந்தது. "படம் போட்டு, இங்கிலீஷ்ல எழுதி, எல்லாம் தயார் பண்ணினது நான். கடைசியில மேடை அவங்களுக்கு. எரிச்சல் இருந்துச்சு மேடம், இல்லேங்கல. அதுக்காக விஷம் வைக்க மாட்டேன்."

"எரிச்சல் இருக்குன்னு ஒத்துக்கிட்டவரை நம்பலாம்," என்றாள் செல்வகுமாரி. ஆனால் நம்பியது அதற்காக இல்லை. ஒன்பது மணி இடைவேளையில் காசம்மாளுக்குத் தோகை கிழித்து விரலில் ரத்தம் வந்திருந்தது. இளவரசி தன் பாட்டிலைத் திறந்துதான் கழுவிவிட்டாள்.

"அப்ப வாடை இருந்துதா?"

"இல்ல மேடம். சுத்தமான தண்ணி. நான்தான் மோப்பம் புடிக்கிறதுல கெட்டிக்காரி ஆச்சே," என்றாள் காசம்மாள்.

"அதுக்கப்புறம் பந்தல் பக்கம் யார் வந்தது?"

"லில்லிதான் வந்துச்சு. வெளியாளு வேற யாரும் வரல. நம்ம ஆளுங்க கத்தி தீட்ட வருவாங்க, போவாங்க. கல்லு இங்கதானே கெடக்குது."

லில்லி வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். ஏட்டு பார்த்து வைத்த ஆள் அவள்தான். பந்தல் இல்லாத செட்டு. இளவரசியோடு சின்ன வயசிலிருந்து ஒன்றாகக் கரும்புக்கட்டுக் கட்டியவள். நேற்று தெருக்குழாயடியில் இருவருக்கும் பெரிய சண்டை.

"இன்னா சொன்னே நேத்து?"

"உனுக்குப் பந்தல், எனுக்கு மண்டை காயணுமான்னு கேட்டேன். பேப்பர்ல மூஞ்சி வந்ததும் ஆளே மாறிட்டியேன்னேன். ஆமா மேடம், எனுக்குப் பொறாமைதான். எனுக்கு மட்டும் இன்னா தோலு வேறயா?"

"அந்தத் தண்ணி உன் தொண்டையில எறங்காதுன்னு சாபம் விட்டியாமே," என்றான் ஏட்டு குறுக்கே.

லில்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எறங்காதுதானே!" என்றாள். உடனே ஏட்டின் முகத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"ஏன் சிரிச்சே?"

"ஒண்ணுமில்ல மேடம்."

"பந்தலுக்கு எதுக்கு வந்தே?"

அவள் தலையைக் குனிந்தாள். "நிழல்ல நிக்கத்தான். காலு ரெண்டும் வெந்து போச்சு. யாரும் இல்லாத நேரமா பார்த்துச் சும்மா நின்னேன். எதையும் தொடல."

"ஏத்திடலாமா மேடம் வண்டியில?" என்று ஏட்டு மெதுவாகக் கேட்டான். செல்வகுமாரி வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு ஜீப்பில் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் கலைவேந்தனுக்கு நினைவு வந்திருந்தது. ஒரு மடக்குதான் உள்ளே போயிருக்கிறது, பிழைத்துக்கொள்வான் என்று அங்கே சொன்னார்கள். திடகாத்திரமான ஆள். பேசும்போது வெற்றிலைக் காவியேறிய பற்கள் தெரிந்தன. பக்கத்தில் ஸ்டூலில் இளவரசி, முந்தானையால் அவனுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"என் பாட்டிலு காலி மேடம். தாகம் தாங்கல. அவசரத்துக்கு அவளோடத எடுத்துட்டேன். இன்னிக்குத்தான் மொதல் தடவ. நான் மட்டும் எடுக்கலன்னா இவ செத்துப் பூட்டிருப்பா." அவன் மூச்சு வாங்கினான். "இது இவளுக்கு வெச்சது மேடம். இவளத்தான் சாவடிக்கப் பார்த்துகிறாங்க. போதும் சாமி. ஆராய்ச்சியும் வேணாம், டெல்லியும் வேணாம். இவ வூட்டோட கெடக்கட்டும்."

விசிறிக்கொண்டிருந்த கை நின்றது. இளவரசி கணவனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். மறுபடி விசிற ஆரம்பித்தாள்.

"நீ என்னம்மா சொல்றே?" என்றாள் செல்வகுமாரி.

"அவரு உயிரோட வந்தா போதும் மேடம். பந்தல் போனா போவுது. எனுக்கு ஒண்ணும் வேணாம்." வேணாம் என்று சொல்லும்போதே கண்ணில் நீர் முட்டியது.

வெளியே கேட்டுக்கு எதிரில் டீக்கடை. வெயில் உச்சிக்கு வந்திருந்தது. ஏட்டு ஒரு தண்ணீர் பாட்டிலைத் திறந்து முழுக்கக் கவிழ்த்துக்கொண்டு, இன்னொன்றை அவளிடம் நீட்டினான். செல்வகுமாரி உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

"இவ்ளோதானா மேடம்? இந்த வெயில்ல?"

"சாயங்காலம் வரைக்கும் ரோட்டுல சுத்தணும் ஏட்டு. பந்தோபஸ்து டூட்டியில நாங்க யாரும்..."

பாதியில் நிறுத்தினாள். கையிலிருந்த டீ கிளாஸை பெஞ்சில் வைத்தாள்.

"அடச்சீ! இது புரியறதுக்கு எனக்கு இவ்வளவு நேரமா? வண்டியை எடுங்க. லில்லியைப் பார்க்கணும். நீங்க கூட வராதீங்க, ஜீப்புலயே இருங்க."

லில்லியின் காதில் அவள் கேட்டது ஒரே கேள்வி. லில்லி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

மாலை நாலரை மணிக்கு ஆஸ்பத்திரி அறையில் எல்லோரும் இருந்தார்கள். கட்டிலில் கலைவேந்தன். ஸ்டூலில் இளவரசி. சுவரோரம் டாக்டர் ஜெயசுதாவும் ராஜ்மோகனும். வாசலை அடைத்துக்கொண்டு ஏட்டு. அவன் பக்கத்தில் லில்லி, விலங்கு எப்போது மாட்டுவார்களோ என்ற பயத்தில்.

"டாக்டர், உங்க பொம்பளைங்க ரிசல்ட் ஏன் அசையலன்னு முதல்ல சொல்லிடறேன்," என்று ஆரம்பித்தாள் செல்வகுமாரி. "அவங்க தண்ணி குடிக்கிறதே இல்ல."

"பாட்டில் காலியா வருதே மேடம்!" என்றான் ராஜ்மோகன்.

"பாட்டில் காலியாகும் தம்பி. கரும்புப் பாத்தியில ஊத்தினாலும் காலியாகும். குடிச்சா எங்க போறது? வெட்ட வெட்ட கொல்லை மொட்டையாகுது. மறைப்புக்கு ஒரு தோகைகூட மிஞ்சறதில்ல. சுத்தி ஆம்பளைங்க. அதனால காலையில வூட்ல ஒரு சொம்பு, சாயங்காலம் வூட்ல ஒரு சொம்பு, நடுவுல நாக்கை நனைக்கிறதோட சரி. நீங்க குடிங்க குடிங்கன்னு சொல்றீங்க. குடிக்கலேன்னா திட்டுவீங்கன்னு காலி பண்ணிக் காட்டுறாங்க. இதை எந்தப் பொம்பளை உங்ககிட்ட வந்து சொல்லுவா?"

டாக்டர் ஜெயசுதா சுவரில் சாய்ந்துகொண்டாள். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே," என்றாள்.

"சரி, விஷத்துக்கு வருவோம். ராஜ்மோகன் கிளம்பினப்புறமும் தண்ணி சுத்தமா இருந்துச்சு. ஒன்பது மணிக்கு அதுலதான் காசம்மா விரலைக் கழுவினாங்க. அதனால அவரு இல்ல. லில்லி வந்தா, நின்னா. பொறாமையும் இருக்கு. ஆனா லில்லி இளவரசியைக் கொல்லணும்னு நினைச்சா, இளவரசி வாயே வைக்காத பாட்டில்லயா விஷம் வைப்பா? தண்ணி தொண்டையில இறங்காதுன்னு சொன்னது சாபமில்ல, நக்கல்."

லில்லி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள்.

"அப்ப பதினேழாம் நம்பர் தண்ணி எங்க போச்சு? இளவரசி, நீ மத்தவங்க மாதிரி கரும்புக்கு ஊத்தல. இல்ல?"

இளவரசி கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

"கொல்லையில அடுத்தவங்க பாட்டிலை யாரும் வாய் வெச்சுக் குடிக்க மாட்டாங்க. அண்ணாந்துதான் ஊத்திப்பாங்க. புருஷன் ஒருத்தன்தான் பொண்டாட்டி பாட்டில்ல வாய் வைப்பான். அந்தப் பாட்டில் மரையில வெற்றிலைக் காவி காஞ்சு கெட்டியாகியிருக்கு. இளவரசிக்கு வெற்றிலைப் பழக்கமே இல்ல. அது ஒரு நாள் கறையும் இல்ல." கட்டிலின் பக்கம் திரும்பினாள். "தினமும் அந்தத் தண்ணியைக் குடிக்கிறது நீதான் கலைவேந்தன். இன்னிக்குத்தான் முதல் தடவைன்னு ஏன் சொன்னே?"

"நெனப்பு இல்ல மேடம். மயக்கத்துல..."

"பொய் சொல்ல மட்டும் நெனப்பு இருந்துச்சா? யோசிச்சுப் பாரு. தினமும் நீ குடிக்கிற பாட்டில்ல விஷம். வேற எவனா இருந்தாலும் இன்னா கத்தியிருப்பான்? 'என்னைக் கொல்லப் பார்த்தாங்க'ன்னு ஊரைக் கூட்டியிருப்பான். நீ ஒரு தடவைகூட அப்படிச் சொல்லல. உனக்கு உன் உயிரைப் பத்திப் பயமே இல்ல. ஏன்னா வெச்சது யாருன்னு உனக்குத் தெரியும். கத்தி தீட்டுறேன்னு வந்து, பந்தல்ல நீயே கலந்தே. அவ குடிக்க மாட்டான்னு ஊர்லயே ரொம்ப நல்லாத் தெரிஞ்ச ஆளு நீ. அதனாலதான் தைரியமா அந்தப் பாட்டிலை எடுத்தே."

கலைவேந்தன் கண்களை இறுக்க மூடிக்கொண்டான். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"வாயில வெச்சுத் துப்பிடலாம்னுதான் பார்த்தேன் மேடம். வழுக்கிகினு உள்ள பூடுச்சு."

"எதுக்குய்யா?" என்றாள் இளவரசி. அவள் குரல் அவளுக்கே கேட்டிருக்காது.

"எதுக்கா? ரெண்டு பேரும் ஜோடியாத்தானே வெட்டப் போனோம். நான் வெட்டுவேன், நீ கட்டுவே. இப்ப டீக்கடையில என்னைப் பேரு சொல்லிக் கூப்பிடறவன் இல்ல. இளவரசி புருஷன் வரான், எடம் வுடுங்கடான்னு சிரிக்கிறானுங்க. டாக்டரம்மா போன் பண்ணா நீ எழுந்து வெளிய பூடுறே. என்னாண்ட பேசாத பேச்செல்லாம் அங்க பேசுறே. டெல்லிக்குப் போயிட்டு வந்து இந்த வெட்டுக்காரன்கூட நீ கெடப்பியா?" விம்மினான். "பந்தலைப் பிரிச்சுட்டா எல்லாம் பழைய மாதிரி ஆயிடும்னு நெனச்சேன். உனுக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னுதான் நானே குடிச்சேன்."

அவன் சொன்னதில் பொய் இல்லை என்று செல்வகுமாரிக்குத் தெரிந்தது. அதனால் கோபம் குறையவில்லை, கூடத்தான் செய்தது. காலையில் தான் போட்ட போன் ஞாபகம் வந்தது. அதை மனசுக்குள்ளேயே ஓரமாகத் தள்ளிவிட்டாள்.

"உன் கண்ணெதிரே லில்லியை ஜெயில்ல போட்டிருப்பாங்க. அது பரவாயில்லையா?"

அவன் லில்லியின் பக்கம் திரும்பவே இல்லை.

டாக்டர் ஜெயசுதா கட்டிலருகே வந்தாள். "கலைவேந்தன், இந்தச் செட்டுலயே உங்க கிட்னிதான் நல்லாயிருக்குன்னு நான் ஆச்சரியப்பட்டுக்கிட்டிருந்தேன். இப்பத்தான் காரணம் தெரியுது. நீங்க ரெண்டு பேர் தண்ணியைக் குடிச்சிருக்கீங்க. இளவரசியோட ரிசல்ட் மாசத்துக்கு மாசம் இறங்கிக்கிட்டு வருது. இன்னும் கைமீறல. இப்படியே விட்டா மீறிடும்."

கலைவேந்தன் கண்ணைத் திறந்தான். மனைவியைப் பார்த்தான். அவள் கையைப் பிடிக்கத் தன் கையை நீட்டினான்.

"எனுக்குத் தெரியாதுடி. உனுக்கு வேணாம்னுதான் நீ எனுக்குக் குடுக்கிறேன்னு நெனச்சேன்."

"நீ கேட்டியா?" என்றாள் இளவரசி.

டாக்டர் வராந்தாவுக்குப் போய் சென்னைக்குப் பேசினாள். பந்தலைப் பிரிக்க வேண்டாம் என்ற வார்த்தை உள்ளே எல்லோருக்கும் கேட்டது. பந்தல் பக்கத்திலேயே பெண்களுக்கு மறைவாக ஒரு கழிப்பறை நிறுத்த வேண்டும், அது இல்லாமல் தண்ணீர் கொடுத்து உபயோகமில்லை என்றும் சொன்னாள்.

லில்லியால் பொறுக்க முடியவில்லை. போனை வைத்துவிட்டு டாக்டர் உள்ளே வந்ததும் வாசலிலேயே மறித்தாள். "அதுவும் அவங்க செட்டுக்கு மட்டும்தானா மேடம்?"

"இல்லம்மா. இதுக்குச் சீட்டுக் கிடையாது. ரெண்டு கொல்லைக்கும்தான்."

செல்வகுமாரி எழுந்தாள். கேஸ் எழுதத்தான் வேண்டும் என்று கலைவேந்தனிடம் சொன்னாள். அவன் தலையாட்டினான். அவன் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

இளவரசி அந்தக் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தாள். போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு ஸ்டூலை விட்டு எழுந்தாள்.

"நான் டெல்லிக்குப் போறேன்யா. நீ சாவ மாட்டேன்னு தெரிஞ்சிடுச்சு. எனுக்கு அது போதும்."

அவள் டாக்டரிடம் திரும்பி, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டாள்.

"நான் பேசற எடத்துல பாத்ரூம் இருக்குமா மேடம்?"

"இருக்கும்மா."

"அப்ப வயிறு நெறைய தண்ணி குடிச்சுட்டே ஏறுறேன். ஏன் குடிக்கிறதில்லன்னு அங்கயே சொல்லிடறேன்."